பிறந்த குழந்தைக்கான அம்பு பேக்: எதை வாங்கலாம், எங்கே ஏமாறுகிறோம்

சிறிய நர்சிங் ஹோமுக்குப் பிரசவ அறைச் சாமான் வாங்குகிறவர்கள் குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மருக்கு நாலு இடத்தில் கொட்டேஷன் கேட்பார்கள். மூச்சு விடாத குழந்தைக்குக் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பையான அம்பு பேக் மட்டும் ‘அதையும் ஒண்ணு சேர்த்துப் போடுங்க’ என்று பட்டியலின் கடைசி வரியாக வரும். வார்மர் பழுதானால் உலர்ந்த துணியையும் அம்மாவின் நெஞ்சுச் சூட்டையும் வைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். மூச்சு விடாமல் பிறந்த குழந்தைக்கு முன்னால் பேக்கின் வால்வு ஒட்டிக்கொண்டால் சமாளிக்க வழியே கிடையாது. அந்தக் கடைசி வரியைப் பற்றியதுதான் இந்த விமர்சனம்.

இங்கே எடுத்துக்கொண்டது தானாக விரியும் வகை: சிலிக்கோனில் செய்தது, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போடக்கூடியது, 240 முதல் 320 மி.லி. வரை கொள்ளளவு, 0 மற்றும் 1 அளவில் இரண்டு வட்ட மாஸ்க், ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் ரிசர்வாயர், அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளும் பாப்-ஆஃப் வால்வு. இந்த வகைப் பையை 1956இல் டென்மார்க்கில் மயக்க மருத்துவர் ரூபனும் பொறியாளர் ஹெஸ்ஸேயும் கொண்டுவந்தார்கள். சிலிண்டரும் கரண்டும் இல்லாமல் அறைக்காற்றை வைத்தே வேலை செய்யும் என்பதுதான் இன்றைக்கும் இதன் பலம். பிரசவம் நடக்கும் இடம் எதுவானாலும் இது இருந்தே ஆகவேண்டும் என்பது எங்கள் தீர்ப்பு. ஆனால் பெட்டியைப் பிரித்து டிராயருக்குள் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இது ஏற்ற பொருள் இல்லை.

யாருக்கு இது தேவைப்படும்? நிறைமாதத்தில் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 85 பேர் 10 முதல் 30 நொடிக்குள் தாங்களாகவே மூச்சு விடுவார்கள். இன்னும் 10 பேர் உலரத் துடைத்து முதுகைத் தேய்த்தால் அழுதுவிடுவார்கள். பேக்கும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டியது மீதமுள்ள ஏறக்குறைய 5 பேருக்கு. நெஞ்சை அழுத்தும் நிலை ஆயிரத்தில் ஒன்றிரண்டுக்குத்தான் வரும். ஆக, பிறந்தவுடன் செய்யும் உயிர்காப்பு வேலையின் பெரும்பகுதி இந்த ஒரு பையில்தான் நடக்கிறது.

அந்த 5 பேரில் பலரை முன்கூட்டியே கணிக்கலாம். தாயின் கர்ப்பகால அட்டையை ஒழுங்காகப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். 36 வாரத்துக்கு முன் வரும் குழந்தைக்கு நுரையீரல் காற்றறைகளை விரித்து வைக்கும் சர்ஃபக்டன்ட் போதாது, மூச்சுத் தசைகளும் வலுவில்லை, தோல் மெல்லியது என்பதால் சூடும் சீக்கிரம் இறங்கும். 41 வாரம் தாண்டினால் சிக்கல் வேறு மாதிரி: நச்சுக்கொடியின் திறன் குறைந்திருக்கும், பனிக்குட நீர் வற்றியிருக்கும், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். தாய்க்குப் பிரஷர் இருந்து குழந்தையின் வளர்ச்சி குன்றியிருந்தால், வலியின்போது ஆக்சிஜன் குறைவதைத் தாங்க அதனிடம் கையிருப்பே இருக்காது. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தை பெரிதாக இருக்கும், தோள் மாட்டிக்கொள்ளும். பார்க்க நாலு கிலோ இருந்தாலும் நுரையீரல் முதிர்ச்சி தாமதமாகியிருக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிரசவ நேரத்தில் உருவாகும் ஆபத்துகள் இதைவிட அவசரமானவை. தொப்புள்கொடி முன்னால் இறங்குவது, நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து ரத்தப்போக்கு ஏற்படுவது, குழந்தையின் இதயத்துடிப்பு விழுந்துகொண்டே போவது, அவசர சிசேரியன், ஃபோர்செப்ஸ், வாக்வம், கால் முன்னால் வருவது, இரட்டையில் இரண்டாவது குழந்தை, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டித் தாய்க்குக் காய்ச்சல் வருவது. இவற்றோடு நாமே கொடுக்கும் மருந்துகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வலிப்பைத் தடுக்கத் தாய்க்கு மக்னீசியம் சல்பேட் போயிருந்தால் குழந்தை துவண்டு, மூச்சு மந்தமாக வரலாம். பெத்திடின் போன்ற வலிநிவாரணி ஊசி பிறப்புக்கு முந்தைய 4 மணி நேரத்துக்குள் போட்டிருந்தாலும், தாய்க்கு முழு மயக்கம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். ஊசி போட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதாமல் விட்டால், குழந்தை ஏன் மூச்சு விடவில்லை என்று பிறகு எல்லோரும் முழிப்பார்கள்.

இத்தனை காரணங்களில் ஒன்றுகூட இல்லாத குழந்தையும் துவண்டு பிறக்கும். அதனால் ஆபத்துப் பட்டியலை வைத்துப் பேக்கை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக்கூடாது. பேக் எல்லாப் பிரசவத்துக்கும் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டியல் சொல்லித்தருவது ஆள் எண்ணிக்கையை. ஆபத்து இல்லாதபோது குழந்தைக்கென்றே பேக் பிடிக்கத் தெரிந்த ஒருவர் போதும். ஆபத்து இருந்தால் குறைந்தது இருவர், அதில் ஒருவருக்கு மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடவும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் மாறி மாறிப் பார்க்கும் ஏற்பாட்டில், இரவில் பிரசவம் பார்ப்பவரும் குழந்தையை வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். அந்த இடத்துக்குப் பட்டியலின் அர்த்தம், முன்கூட்டியே மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதுதான். எந்தப் பேக் வாங்கினாலும் இரண்டாவது ஜோடிக் கை பெட்டிக்குள் வராது.

இனி பொருளுக்கு வருவோம். முதலில் கொள்ளளவு. 3 கிலோ குழந்தை ஒரு மூச்சுக்கு இழுப்பது ஏறக்குறைய 15 முதல் 20 மி.லி. தான். 240 மி.லி. பையே அதற்குத் தாராளம். மாஸ்க் ஓரத்தில் கசிவதையும் கணக்கில் எடுத்தால் 320 வரை நல்லது. 500 மி.லி. குழந்தைகள் பையை அவசரத்துக்கு இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பயன்படுத்தலாம். பெரியவர்களின் பையைப் பிரசவ அறைக்குள்ளேயே வைக்காதீர்கள். பதற்றத்தில் ஒரு முழு அழுத்து அழுத்தினால் நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று சேர்ந்துவிடும்.

அடுத்தது பொருளின் தன்மை. பிவிசி பை விலை குறைவு, ஆனால் அது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடச் செய்தது. அதைக் கழுவிக் காயவைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துவது நம் ஊரில் சகஜம். சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துப்போகும், அழுத்திவிட்டால் விரிய நேரம் எடுக்கும், கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் விடும். சிலிக்கோன் பை பல மடங்கு விலை என்றாலும், தொடர்ந்து பிரசவம் நடக்கும் இடத்துக்கு அதுதான் லாபம். வாங்கும்போது விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள், உடனே உப்ப வேண்டும்.

பாப்-ஆஃப் வால்வு 30 முதல் 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் திறந்துகொள்ளும்படி அமைத்திருப்பார்கள். இதைப் பாதுகாப்பு என்று முழுமையாக நம்புவது தவறு. எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அது திறக்கும் அழுத்தம் மாறும், சொன்ன எண்ணைத் தாண்டியும் போகும். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு 20 முதல் 25 அழுத்தத்தில் தொடங்கினால் போதும். ஆனால் நீர் நிறைந்த நுரையீரலை முதன்முதலாக விரிக்கும்போது சில நிறைமாதக் குழந்தைகளுக்கு 30, ஏன் 40 வரைகூடத் தேவைப்படும். அப்போது வால்வு சீறிக்கொண்டே இருக்கும், நெஞ்சு எழாது. வால்வை விரலால் மூடவோ பூட்டவோ வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். அழுத்தமானி மாட்டும் துளை இருந்தால் இன்னும் நல்லது. அப்படி ஒரு மீட்டரை மாட்டிவிட்டால், நம் கை எவ்வளவு அழுத்துகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தவறு என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

பேக்கோடு வரும் மாஸ்க்தான் இந்தப் பொருளின் பலவீனமான இடம். வேலை செய்யாமல் போகும் பேக்குகளில் பெரும்பாலானவற்றில் பை நன்றாகத்தான் இருக்கும், காற்று மாஸ்க் ஓரத்தில் போய்க்கொண்டிருக்கும். மாஸ்க் தாடை நுனி, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்மேல் ஏறக்கூடாது. 1 அளவு நிறைமாதத்துக்கு, 0 குறைமாதத்துக்கு. மிகச் சிறிய குழந்தைகளைப் பார்க்கும் இடமென்றால் 00 தனியாக வாங்க வேண்டும். ஒரே மாஸ்க் வைத்து விற்கும் செட்டை வாங்கவே வேண்டாம். விளிம்பு மெத்தென்று, ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். உதடு நீலமாக இருக்கிறதா, வாய் மூடிக்கிடக்கிறதா என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் தெரியும். காற்றடைத்த விளிம்பு உள்ள மாஸ்க்கில் காற்று இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பிடிக்கும் முறையும் எளிதுதான், ஆனால் பழக்கம் வேண்டும். மாஸ்க்கின் அடி விளிம்பைத் தாடை நுனியில் பதித்து, அங்கிருந்து மேல்நோக்கி வாய்மேலும் மூக்குமேலும் இறக்க வேண்டும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளையமாக, மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பின்கீழ். மாஸ்க்கை முகத்தில் அமுக்குவதைவிடத் தாடையை மாஸ்க்குக்குள் தூக்குவதுதான் சூட்சுமம். கழுத்தின் மென்பகுதியில் விரல் பட்டால் மூச்சுப்பாதையே மடங்கிவிடும். தோளுக்கடியில் சுமார் 2 செ.மீ. உயரத்துக்கு மடித்த துணி வைத்தால் தலை சரியான நிலையில் நிற்கும். அதைவிட அதிகம் வைத்தால் தலை பின்னால் சரிந்து பாதை மறுபடி அடையும்.

அடுத்த சிக்கல் வால்வைச் சேர்ப்பது. பையின் வாயில் மீன்வாய் போலத் திறக்கும் சிறிய சிலிக்கோன் வால்வு ஒன்று இருக்கிறது. அழுத்தும்போது காற்று குழந்தைக்குப் போவதும், விடும்போது குழந்தையின் வெளிமூச்சு வெளியே போவதும் அதன் கையில். கழுவிய பிறகு அதைத் தலைகீழாக மாட்டுவது, மாட்டவே மறப்பது, ஈரத்தோடு மூடிவிட்டதால் இதழ்கள் ஒட்டிக்கொள்வது, இந்த மூன்றும்தான் அடிக்கடி நடக்கும். கழற்றினால் நான்கைந்து துண்டுதான் வரும் எளிய அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். தவறாக மாட்டினால் பொருந்தவே பொருந்தாதபடி வடிவமைத்த மாடல்கள் சந்தையில் இருக்கின்றன, கூடுதல் காசு கொடுக்கத் தகுந்த அம்சம் அதுதான். பாகங்கள் சேர்ந்த படத்தை அச்சிட்டுக் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டுங்கள்.

ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்னால் செய்யும் சோதனைக்குப் பத்து நொடிகூட ஆகாது. மாஸ்க் மாட்டும் வாயை உள்ளங்கையால் இறுக மூடிப் பையை அழுத்துங்கள். கையில் அழுத்தம் தெரிய வேண்டும், பலமாக அழுத்தினால் பாப்-ஆஃப் சீறித் திறக்க வேண்டும், விட்டவுடன் பை பழையபடி உப்ப வேண்டும். அழுத்தமே தெரியாவிட்டால் பையில் விரிசல், அல்லது பாப்-ஆஃப் திறந்தபடி நிற்கிறது, அல்லது மீன்வாய் வால்வு சரியாக உட்காரவில்லை. அழுத்தம் இருந்தும் பை உப்பாவிட்டால் பின்பக்கம் காற்று நுழையும் வால்வு ஒட்டியிருக்கிறது. அடுத்து கையை எடுத்துவிட்டு அழுத்தி, மீன்வாய் திறந்து மூடுவதைக் கண்ணால் பாருங்கள். கடைசியாக மாஸ்க்கை மாட்டி உள்ளங்கையில் பதித்து ஒருமுறை. அவ்வளவுதான்.

ஆக்சிஜன் விஷயத்தில் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. 35 வாரமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு அறைக்காற்றிலேயே, அதாவது 21 சதவீதத்தில் தொடங்க வேண்டும். 32 முதல் 34 வாரம் வரை 21 முதல் 30. 1990களில் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நடந்த ஆய்வுகள், அறைக்காற்றே போதும் என்று காட்டிய பிறகுதான் உலக வழிகாட்டுதல்கள் மாறின. ரிசர்வாயர் இல்லாமல் பேக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டினால் குழந்தைக்குப் போவது சுமார் 40 சதவீதம், ரிசர்வாயரோடு 90க்கு மேல். வலது கையில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்த்தால், நன்றாக இருக்கும் குழந்தைக்கே முதல் நிமிடத்தில் ரத்த ஆக்சிஜன் அளவு 60 முதல் 65 தான் காட்டும், 5ஆவது நிமிடத்தில் 80 முதல் 85, 10இல்தான் 85 முதல் 95. இரண்டாம் நிமிடத்தில் 68 என்று பார்த்துவிட்டுச் சிலிண்டரை முழுதாகத் திறப்பதில் பயனில்லை.

இதனால் முடியாத வேலைகளும் உண்டு, விற்பவர் அதைச் சொல்லமாட்டார். தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் குழந்தையின் முகத்தில் இந்த மாஸ்க்கைச் சும்மா வைத்தால் ஆக்சிஜன் நம்பகமாகப் போகாது, அழுத்தினால்தான் வால்வு திறக்கும். மூச்சை வெளியே விடும்போதும் நுரையீரலை ஓரளவு விரித்தே வைக்கும் அழுத்தத்தை இது தராது. அதற்கென்று ஒரு துணை வால்வை மாட்டலாம், ஆனால் கசிவு கொஞ்சம் இருந்தாலே அது பெயரளவுக்குத்தான். குறைமாதக் குழந்தைகள் அதிகம் பிறக்கும் இடத்துக்கு டி-பீஸ் கருவி வேண்டும். அது தேர்ந்தெடுத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தரும். ஆனால் அழுத்தமேற்றிய வாயு வரும் குழாய் இல்லாவிட்டால் செத்த பொருள். டி-பீஸ் வாங்கிய பிறகும் இந்தப் பேக்கைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது அதனால்தான். மயக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், வாயு வந்தால் மட்டும் உப்பும் பையைப் பிரசவ அறை நர்ஸ்கள் கையில் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதை நன்றாகக் கையாள நீண்ட பயிற்சி வேண்டும்.

லேர்டல் நிறுவனத்தின் அப்ரைட் மாடலில் பை மாஸ்க்குக்கு நேர்மேலே செங்குத்தாக நிற்கும், 320 மி.லி. பக்கவாட்டில் தொங்கும் பை மாஸ்க்கை ஒருபுறம் சாய்ப்பதால் வரும் கசிவு இதில் குறைகிறது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைத்தான் கொடுக்கத் தோன்றும். பழைய வடிவத்தில் கை படிந்தவர்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள்.

எவ்வளவு நல்ல பேக்கும் நேரத்துக்கு எடுத்தால்தான். முதல் நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். துடைப்பது, சூடு, தலையைச் சரியாக வைப்பது, அடைத்திருந்தால் மட்டும் முதலில் வாயையும் பிறகு மூக்கையும் உறிஞ்சுவது, முதுகில் இரண்டு மூன்று முறை தேய்ப்பது. அதற்கும் மூச்சு வராவிட்டாலோ இதயத்துடிப்பு 100க்குக் கீழிருந்தாலோ உடனே பேக். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தட்டுவதும் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் நொடிகளைத் தின்பதோடு குழந்தையைக் குளிரவும் வைக்கும். மலம் கலந்த நீரில் துவண்டு பிறந்த குழந்தைக்கு வழக்கமாக டியூப் விட்டு உறிஞ்சும் முறையும் 2015 வழிகாட்டுதலோடு போய்விட்டது, அதற்கும் முதலில் காற்றுதான். வர்ஜீனியா அப்கர் 1952இல் வகுத்த மதிப்பெண் குழந்தையின் நிலையைக் குறித்து வைக்க உதவும். ஆனால் ஒரு நிமிட அப்கர் போட்டுவிட்டுப் பேக்கை எடுக்கலாம் என்று காத்திருந்தால் தேவையான நிமிடம் போய்விட்டது.

நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. ‘அழுத்து, இரண்டு, மூன்று’ என்று வாய்விட்டுச் சொன்னால் வேகம் தானாக அமையும், பதற்றத்தில் 100ஐத் தாண்டாது. சுமார் 15 நொடியில் இதயத்துடிப்பு ஏறத் தொடங்க வேண்டும். ஸ்டெத்தை வைத்து 6 நொடி எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். ஏறவில்லை, நெஞ்சும் எழவில்லை என்றால் பேக்கைக் குறை சொல்லும் முன் வரிசையாகப் பாருங்கள்: மாஸ்க்கைத் திரும்பப் பதிப்பது, தலையைச் சரிசெய்வது, உறிஞ்சுவது, வாயைச் சற்றே திறந்து வைப்பது, அழுத்தத்தைக் கூட்டுவது, அதற்கும் மேல் டியூப். நெஞ்சு எழும்படி 30 நொடி மூச்சுக் கொடுத்தும் துடிப்பு 60க்குக் கீழேதான் என்றால் நெஞ்சை அழுத்த வேண்டும், மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. அப்போது ஆக்சிஜனும் 100 சதவீதம், ரிசர்வாயர் வேலைக்கு வரும் இடம் இதுதான். சில நிமிடங்களுக்கு மேல் பேக் பிடிக்க நேர்ந்தால் வயிறு காற்றால் உப்பும், வாய்வழியே 8 எண் குழாய் விட்டு இறக்க வேண்டும். வயிறு ஒட்டிப்போய் நெஞ்சு மட்டும் பெருத்துப் பிறந்த குழந்தைக்கு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை இருக்கலாம். அங்கே மாஸ்க் வழியே காற்றடிப்பது நிலையை மோசமாக்கும், நேரே டியூப்தான்.

சுத்தம் செய்வதில் பணம் போகாது, கவனம்தான் போகும். எல்லாத் துண்டையும் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, அலசி, சிலிக்கோன் பாகங்களை உற்பத்தியாளர் கையேட்டில் சொன்ன வெப்பத்தில் ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். பல தயாரிப்புகளில் ரிசர்வாயர் பை மட்டும் அந்தச் சூட்டைத் தாங்காது, அதைத் தனியே எடுத்துவிடுங்கள். ஆட்டோகிளேவ் இல்லாத இடத்தில் 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறவைத்துக் கிருமி நீக்கிய நீரில் நன்றாக அலச வேண்டும், மிச்சம் இருந்தால் அந்த நெடி நேரே குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போகும். முழுதாகக் காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். சேர்த்தவுடன் உள்ளங்கைச் சோதனை.

ஆர்டர் போடும்போது ஒரு மேசைக்கு இரண்டு பேக் என்று போடுங்கள், ஒன்று ஆட்டோகிளேவில் இருக்கும்போது இன்னொன்று மேசையில் இருக்க வேண்டும். இரட்டைப் பிரசவத்துக்கு இரண்டும் மேசைக்கு வர வேண்டும். உபரி மீன்வாய் வால்வு தனியாகக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கிடைக்காது என்றால் அந்த மாடல் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சரக்கு வந்திறங்கியதும் டெலிவரி சலானில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, கழற்றி, சேர்த்து, உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். சீறாத பாப்-ஆஃபை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.